டிராக்டர் டிரெய்லர் வாலாட்டுது, தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம் அண்ணன்மாரே. கள்ளக்குறிச்சி பக்கம். 45 எச்பி டிராக்டர், ரெண்டு சக்கர டிரெய்லர். நேத்து சூளையிலிருந்து 1500 செங்கல் ஏத்தினேன். கல்லு ஒண்ணு 3 கிலோன்னு வெச்சாலே நாலரை டன். இறக்க சுலபம்னு பசங்க பின்கதவு ஓரமாவே அடுக்கிட்டாங்க. நான் டீக்கடையில நின்னுட்டேன், தப்பு என் மேலதான்.

பாலத்து இறக்கத்துல டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிச்சிது. பாரம் பின்னால இழுக்க, கொக்கி மேல தூக்குது. டிராக்டர் பின்சக்கரத்துக்குப் பிடிமானமே இல்ல. நல்லவேளை, ரெண்டு பிரேக் பெடலையும் சேர்த்துப் பூட்டியிருந்தேன், கியர்லயே இறக்கினேன். நிறுத்திப் பாத்தா, டிரெய்லரைக் கொக்கியோட கோக்கிற இரும்பு முளை (பின்) நடுவுல இடுப்பு மாதிரி தேஞ்சு ஒடுங்கிக் கிடக்கு. கீழ லாக் பின்னுக்குப் பதிலா கட்டுக்கம்பி! யார் முறுக்கினாங்களோ.

பாரம் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால இருக்கணும்னு தெரியும். ஆனா ரொம்ப முன்னால வெச்சா மேட்டுல முன்சக்கரம் தூக்குதே. கண்பார்வையில எப்படி அளவு பிடிக்கிறீங்க?

அந்தப் பின்னைப் புதுசா வாங்கிடுவேன். பட்டறைக்காரர் சாதா இரும்புக் கம்பியை அறுத்தே பண்ணித் தர்றேங்கறார், மனசு ஒப்பல. டிரெய்லர் கண்ணுல, அதான் பின் நுழையற வளையத்துல, ஓட்டையும் அகண்டிருக்கு. வெல்டிங்ல ரொப்பலாமா, கண்ணையே மாத்தணுமா?

கொக்கியை ஒரு ஓட்டை மேல ஏத்துன்னு மச்சான் சொல்றார். இழுவை உசந்தா டிராக்டர் மல்லாக்கப் போயிடும்னு எனக்குப் பயம். சேப்டி செயின் போட்டவங்க யாராச்சும் போட்டோ போடுங்க. வெள்ளிக்கிழமை அடுத்த லோடு.