பருவம் தொடங்கும் முன்பே பாடத்தைப் படித்து வைப்பது பயனா, வீண் உழைப்பா?

எண்மாலை:
அடுத்த பருவத்தில் வகைக்கெழுச் சமன்பாடுகள், அதாவது ஓர் அளவு மாறும் வேகத்தைக் கொண்டு அந்த அளவையே கண்டறியும் கணக்குகள், ஒரு முழுப் பாடமாக வருகிறது. விடுமுறையில் இன்னும் ஐந்து வாரங்கள் இருப்பதால், பாடநூலின் முதல் நான்கு அத்தியாயங்களை நானே படித்து முடித்துவிடலாம் என்றிருந்தேன். ஆனால் மூத்த மாணவர் ஒருவர், அப்படிச் செய்தால் வகுப்பில் தூக்கம்தான் வரும் என்கிறார். அனுபவப்பட்டவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

கரும்பலகை:
தயங்காமல் படியுங்கள். நேரியல் இயற்கணிதத்தின் முதல் வகுப்பில் ஆசிரியர் அடிக்கணம், பரிமாணம் என்று அடுக்கிக்கொண்டே போனபோது, அச்சொற்களை அன்றுதான் முதன்முதலில் கேட்டவர்கள் பலகையில் இருந்ததைப் படியெடுக்கவே நேரம் போதாமல் திணறினார்கள். நான் இரண்டு அத்தியாயங்களை முன்பே புரட்டியிருந்தேன். பாதிதான் புரிந்திருந்தது என்றாலும், எந்த இடத்தில் புரியவில்லை என்பது தெரிந்திருந்ததால் அந்த இடம் வந்ததும் கையை உயர்த்திக் கேட்க முடிந்தது. ஐந்து பாடங்களின் ஒப்படைப்புகள் ஒன்றாக வந்து குவியும் நாட்களில் அத்தகைய நிதானம் வாய்க்காது.

மறுகோடி:
நானும் அதைத்தான் செய்தேன், பட்டபாடு வேறு. முதல் மூன்று வாரங்கள் 'இது தெரிந்ததுதானே' என்று வகுப்பில் அரைக்காதோடு உட்கார்ந்திருந்தேன். நான்காம் வாரத்தில் நான் படிக்காத பகுதி தொடங்கியபோது, கவனிக்கும் பழக்கமே விட்டுப்போயிருந்தது. இடைத்தேர்வில், தெரியும் என்று நம்பிய பகுதியிலும் வழுக்கினேன்.

இது என் சோம்பலின் கதை மட்டுமன்று. ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சிறு உரைப்பகுதியை நான்கு அமர்வுகளிலும் வாசித்துக்கொண்டே இருந்தவர்கள், ஒரு வாரத்திற்குப் பின் அதில் சுமார் 40 விழுக்காட்டையே நினைவுகூர்ந்தார்கள். ஓர் அமர்வில் மட்டும் வாசித்து, மற்ற மூன்றிலும் நூலைப் பாராமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களோ சுமார் 61 விழுக்காட்டை நினைவுகூர்ந்தார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் அந்த முதல் குழுவினர்தான். விடுமுறைப் படிப்பு பெரும்பாலும் வாசிப்பாகத்தான் அமைகிறது. கணக்கு நோட்டை எடுத்து உட்காருபவர் அரிது.

கரும்பலகை:
நீங்கள் காட்டும் ஆய்வு எப்படிப் படிப்பது என்பதைப் பற்றியதே தவிர, எப்போது படிப்பது என்பதைப் பற்றியதன்று. நூலை மூடிவைத்து எழுதிப் பார்க்க விடுமுறையைவிட வசதியான காலம் ஏது? வகுப்பில் கவனம் சிதறியதற்கு முன்படிப்பின் மேல் பழி போடுவது, ஆடத் தெரியாதவர் கூடத்தைக் கோணல் என்றது போலத்தான் இருக்கிறது.

பின்னிருக்கை:
இருவரும் முன்னே போவதைப் பற்றியே பேசுகிறீர்கள். இந்தப் பாடத்தில் மாணவர்கள் விழுவது பெரும்பாலும் புதிய பகுதியில் அன்று, பழைய தொகையிடலில்தான், அதாவது வகையிடலைத் தலைகீழாகச் செய்வதில்தான். மக்கள்தொகை வளர்ச்சி ஓர் உச்சவரம்பை நெருங்க நெருங்கக் குறைவதைக் காட்டும் சமன்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாறியையும் ஒரு பக்கத்துக்குக் கொண்டுவந்து மாறிகளைப் பிரிப்பது ஒரே வரியில் முடிந்துவிடும். அடுத்த வரியிலேயே, ஒரு பின்னத்தை எளிய பின்னங்களின் கூட்டலாக உடைக்கும் பகுதிப் பின்னங்கள் முறை வந்து நிற்கும். அதை மறந்தவர், புதிய பாடமே புரியவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார். தொகையிட எளிதாகும்படி சமன்பாட்டை ஒரு கோவையால் பெருக்கும் தொகையீட்டுக் காரணி முறையிலும் இதே நிலைதான்: காரணியைக் கண்டுபிடித்த பிறகு வலப்பக்கத்தைப் பெரும்பாலும், இரு கோவைகளின் பெருக்கலைத் தொகையிட உதவும் பகுதித் தொகையிடலால்தான் முடிக்க வேண்டியிருக்கும்.

ஆகவே எண்மாலைக்கு ஒன்று சொல்வேன். இன்றே ஒரு வெற்றுத்தாளை எடுத்து, எக்ஸ் சைன் எக்ஸ் என்பதைத் தொகையிட்டுப் பாருங்கள். தடுமாறினால் முதல் இரண்டு வாரங்களைப் பழைய பாடத்துக்குக் கொடுங்கள்.

கரும்பலகை:
பழையதை மட்டும் கிளறிக்கொண்டிருந்தால் எவருக்கும் சலிப்புத் தட்டும். எந்தக் கருவி எதற்குத் தேவை என்பது புதிய கணக்கில் முட்டிக்கொண்ட பிறகுதானே தெரிகிறது? புதியதைத் தொடங்கட்டும், இடறும் இடத்தில் திரும்பிச் சென்று பழையதைச் செப்பனிடட்டும்.

மறுகோடி:
அவ்வாறு திரும்பிச் செல்லும் பொறுமை இருப்பவருக்குச் சரி. எனக்கு இருக்கவில்லை, இடறிய இடத்தைத் தாண்டிப் படித்துக்கொண்டே போனேன்.

எண்மாலை:
பின்னிருக்கை சொன்ன கணக்கை இப்போதுதான் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு போடலாம் என்ற நினைப்பில் இரண்டு நிமிடங்களில் முடித்துவிட்டேன். ஐயத்தின் பேரில் விடையைத் திரும்ப வகையிட்டபோது, எக்ஸ் சைன் எக்ஸோடு கழித்தல் குறியுடன் இரண்டு கொசைன் எக்ஸும் மிச்சமாக வந்து நின்றது. இரண்டாம் உறுப்பில் கூட்டல் வரவேண்டிய இடத்தில் கழித்தல் குறியைப் போட்டிருக்கிறேன். சென்ற பருவத் தேர்விலும் இதே இடத்தில் மதிப்பெண் போயிற்று. புதிய நூலின் முதல் அத்தியாயத்தை அடுத்த வாரத்திற்குத் தள்ளி வைத்துவிட்டேன். பழைய நோட்டைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.