பயன்படுத்திய இன்சுலின் ஊசிகளை என்ன செய்வது?

கேள்வி:
என் மாமியார் தினமும் இரண்டு வேளை இன்சுலின் போட்டுக்கொள்கிறார். ஊசிகளைப் பாலித்தீன் பையில் சுற்றிக் குப்பையில் போட்டுவந்தோம். இன்று காலை, எங்கள் தெருக் குப்பையைப் பிரித்துக்கொண்டிருந்த தூய்மைப் பணியாளர் அம்மாவின் கட்டைவிரலில் ஊசி குத்தி, கையுறைக்குள் ரத்தம் பரவியதைக் கண்ணெதிரே பார்த்தேன். அது எங்கள் வீட்டு ஊசியாகவும் இருக்கலாம் என்பதால் மனம் ஆறவில்லை.

பதில் 1:
முதலில் அந்த அம்மாவை இன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். குத்திய இடத்தைப் பிதுக்காமல் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவ வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், இயன்றவரை முதல் சில மணி நேரத்திலேயே தொடங்க வேண்டும் என்பதாலும், ஹெபடைடிஸ் பி தடுப்பூசி தேவையா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும் என்பதாலும் தாமதிக்காதீர்கள்.

பதில் 2:
திரவச் சலவை சோப்பு வரும் கெட்டியான, திருகு மூடி கொண்ட பிளாஸ்டிக் டப்பாவே போதும். மெல்லிய தண்ணீர் பாட்டிலை ஊசி துளைத்துவிடும். சிரிஞ்சுக்கு மீண்டும் மூடி மாட்டாமல், போட்ட கையோடு டப்பாவுக்குள் போடுங்கள். முக்கால் பங்கு நிரம்பியதும் மூடியை நாடாவால் ஒட்டி, ‘ஊசிகள், திறக்காதீர்’ என்று பெரிதாக எழுதுங்கள். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

பதில் 3:
2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் பயன்படுத்திய ஊசிகளை வீட்டு அபாயக் கழிவாக வகைப்படுத்தின. எனவே டப்பாவைத் தனியாக, உள்ளே ஊசிகள் இருப்பதைச் சொல்லித் தூய்மைப் பணியாளர் கையில் கொடுங்கள். எங்கள் மருத்துவர் தம் மருத்துவமனைக் கழிவோடு சேர்த்துக்கொள்கிறார். உங்கள் மருத்துவரிடமும் கேட்டுப் பாருங்கள்.