கப்பல் வான்தேடல் ரேடார்: 200 மெகாஹெர்ட்ஸா, 900 மெகாஹெர்ட்ஸா?

வணக்கம் நண்பர்களே. ரேடார், ஆன்டெனா பக்கம் வேலை பார்த்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள். கல்லூரி புராஜெக்டுக்காகப் போர்க்கப்பலுக்கான நெடுந்தூர வான்தேடல் ரேடார் ஒன்றைக் காகித அளவில் வடிவமைக்கிறேன்.

200 மெகாஹெர்ட்ஸ் எடுத்தால் அலைநீளம் 1.5 மீட்டர். மழை பெரிதாகத் தொந்தரவு செய்யாது. ஸ்டெல்த் (ரேடாரில் எளிதில் சிக்காத) வடிவமைப்பும் அந்த அலைநீளத்தில் அவ்வளவாக எடுபடாது. ஆனால் 5 மீட்டர் அகல ஆன்டெனாவுக்குக் கற்றை ஏறக்குறைய 20 டிகிரி விரிகிறது. இதை வைத்து திசை சொல்வது கஷ்டம்தான்.

அதைவிடக் கடல் பிரதிபலிப்புதான் உதைக்கிறது: நேராகப் போகும் அலையும் கடலில் பட்டுத் தெறிக்கும் அலையும் சில கோணங்களில் கூடி மடலாகின்றன, சில கோணங்களில் ஒன்றையொன்று அழித்துப் பள்ளமாகின்றன. ஆன்டெனா 30 மீட்டர் உயரத்தில் இருந்தால், முதல் மடலின் உச்சி λ/4h (அலைநீளத்தை ஆன்டெனா உயரத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் வரும் ரேடியன்) கணக்குப்படி 0.7 டிகிரியில். அதற்குக் கீழே தாழப் பறந்து வருவது கண்ணில் படாது. 1.4 டிகிரியில் மறுபடி ஒரு பள்ளம். 900 மெகாஹெர்ட்ஸில் முதல் மடல் 0.16 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. அமெரிக்கக் கடற்படையின் வான்தேடல் ரேடார் எஸ்பிஎஸ்-49 அந்தப் பக்கம் போனதில் ஆச்சரியமில்லை.

என் கேள்வி: 200-லேயே இருந்துகொண்டு, துடிப்புக்குத் துடிப்பு அதிர்வெண் மாற்றினால் அந்தப் பள்ளங்கள் உருப்படியாக நிரம்புமா? முதல் பள்ளத்துக்கு 10 சதவீத பேண்ட்விட்த் (அதிர்வெண்ணை மாற்றக்கூடிய அகலம்) போதாது என்று தோன்றுகிறது. இரண்டு உயரங்களில் ஆன்டெனா வைப்பதுதான் வழியா? கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.