விசித்திரக் கதைக்கு விளக்கம் வேண்டுமா?

மாடிப்படி:
ஒரு சிறுகதை எழுதி முடித்திருக்கிறேன். கூடத்துச் சுவரில் ஐந்து சுவிட்சு உள்ள போர்டு. ஒருநாள் காலையில் பார்த்தால் ஆறு. ஆறாவதைப் போட்டால் வீட்டில் எதுவும் எரிவதில்லை, எதுவும் அணைவதும் இல்லை. கணவன், மனைவி, மகள் என மூன்றே பாத்திரங்கள். கணவன்தான் கதை சொல்கிறான். படித்த நண்பர்கள் எல்லாரும் "அது ஏன் வந்தது?" என்றே கேட்கிறார்கள். முன்பு அந்த வீட்டில் ஒரு மின் ஊழியர் ஷாக் அடித்து இறந்தார் என்று கடைசியில் ஒரு பத்தி சேர்த்தேன். கதை படுத்துவிட்டது. பத்தியை எடுத்தால் பாதியில் நிற்கிறது. என்ன செய்யலாம்?

பழைய வாசகன்:
மின் ஊழியரை முதலில் அனுப்பிவிடுங்கள். அவர் வந்ததும் இது பேய்க்கதையாகிவிட்டது. பேய்க்கதையில் வாசகனுக்கு இனி என்ன வரும் என்று தெரியும். தெரிந்தால் பயம் போய்விடும்.

ஜெர்மன் மொழியில் எழுதிய காஃப்காவின் 'உருமாற்றம்' கதை 1915-இல் வந்தது. அதன் நாயகன் கிரகோர் சாம்சா ஒரு காலையில் பூச்சியாக விழிக்கிறான். ஏன் என்று கடைசிவரை ஒரு வார்த்தை இல்லை. அதைவிட முக்கியம், அவனுக்கே அந்தக் கேள்வி பெரிதாக வரவில்லை. நான்கு மணிக்கு வைத்த அலாரம் என்ன ஆனது, ஐந்து மணி ரயில் போய்விட்டதே, அலுவலகத்தில் என்ன சொல்வது, இதுதான் கவலை. அட்டையில் அந்தப் பூச்சியை வரையவே கூடாது, தூரத்தில் தெரிவதாகக்கூட வேண்டாம் என்று காஃப்கா பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினார். படம் போட்டால் அதுவும் ஒரு விளக்கம்தானே.

உங்கள் கதை பாதியில் நிற்பதற்குக் காரணம் விளக்கம் இல்லாதது அல்ல. வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி ஆச்சரியப்படுகிறார்கள், அதுதான் சிக்கல். யாராவது ஒருவர் ஆச்சரியப்படாமல் இருக்கட்டும். கணவன் ஆறாவது சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டிருக்கிறான். மனைவி துணி மடித்தபடி, தலை நிமிராமல், "அணைக்காதீங்க, உள்ளே ஆள் இருக்காங்க" என்கிறாள். அவ்வளவுதான். அடுத்த வரியில் அவள் மகளிடம் பள்ளிக்கூடத்துச் சாக்ஸைத் தேடச் சொல்லட்டும். இப்போது பயம் சுவிட்சில் இல்லை, மனைவியிடம் வந்துவிட்டது.

ஒயர்மேன்:
கதை பற்றி எனக்குத் தெரியாது, வேலை பற்றிச் சொல்கிறேன். ஐந்து சுவிட்சும் நிறைந்த போர்டில் ஆறாவது நுழைய இடம் இருக்காது. பலகையே பெரிதாகியிருக்க வேண்டும். பெயின்ட் அடிப்பவர்கள் பெரும்பாலும் போர்டைக் கழற்றமாட்டார்கள், சுற்றித்தான் அடிப்பார்கள். விளிம்பில் ஒரு கோடு விழும். பெரிய பலகை வந்திருந்தால் அந்தப் பழைய கோடு அதற்கு அடியில் மறைந்திருக்க வேண்டும். உங்கள் ஆள் டார்ச் அடித்துப் பார்க்கட்டும். கோடு ஆறு சுவிட்சு அளவுக்குச் சரியாக, மங்கிப்போய், பத்து வருடப் பழசாக இருக்கட்டும்.

பழைய வாசகன்:
அடடா! இத்தனை வருடம் படித்தும் எனக்கு இது தோன்றாது. அந்தக் கோட்டைப் பற்றி நான்கைந்து வரி தாராளமாக எழுதலாம், மற்றதையெல்லாம் சுருக்குங்கள்.

வெயில்:
மனைவி வரி நன்றாக இருக்கிறது. ஆனால் "ஒருவருக்கு மட்டும் எல்லாம் தெரியும்" என்பதும் இப்போது தேய்ந்த உத்திதான். அவளுக்கு ரகசியம் தெரியும் என்கிற தொனி வந்தால் கதை கெட்டுவிடும். பாத்ரூம் கதவைத் தட்டுபவரிடம் சொல்வது போல அலுப்பாகச் சொல்ல வேண்டும்.

மாடிப்படி:
சரி, மின் ஊழியர் போய்விட்டார். பெயின்ட் கோடு முதல் பக்கத்திலேயே வருகிறது. மனைவி வரியை எழுதிப் பார்த்தேன், அதற்கு மேல் கூடத்தில் தனியாக உட்கார முடியவில்லை! ஒரே சந்தேகம்: கணவனைப் போல மகளும் ஆச்சரியப்படுகிறாள். இரண்டு பேர் தேவையா?

பழைய வாசகன்:
தேவையில்லை. அவள் சாக்ஸைத் தேடினால் போதும்.