புதுப்பிப்பு: விறகுப் போறணைக்கு உட்கல் மாத்தியாச்சு

உப்புவெளியில எங்கட வீட்டுப் பாண் போறணையின்ர உட்கல் (உள்பக்கம் கட்டின கல்) வெடிச்சு உதிருது, என்ன செய்யலாம் எண்டு போன மாசம் கேட்டிருந்தன். பதில் தந்த எல்லாருக்கும் நன்றி.

சரிவந்தது, "சீமெந்தைத் தொடாதேங்கோ, பயர் கிளே (சூடு தாங்கிற களிமண்) பாவியுங்கோ" எண்டு ஒரு அண்ணா சொன்ன யோசனைதான். கழட்டிப் பாத்தா 6 கல்தான் வெடிப்பு. கல்லுகளுக்கு நடுவில இருந்த சீமெந்துச் சாந்து விரல் பட மாவா உதிர்ந்தது. சூடு தாங்கிற புதுக்கல்லை நனைச்சு, 3 மில்லிமீற்றருக்குள்ள இடைவெளி விட்டு, பயர் கிளேயால கட்டினம்.

எதிர்பாராதது ஈரம். மூண்டாம் நாள் சின்னதா நெருப்பு மூட்ட, இரும்புக் கதவில தண்ணி முத்துமுத்தா வடிஞ்சது. உடன நிப்பாட்டிட்டம். பிறகு ஒரு கிழமை, பொச்சுமட்டையில கொஞ்சங் கொஞ்சமாச் சூடேத்தினம். அவசரப்பட்டா நீராவி கல்லைப் பிளந்துபோடும். மாரிக்கு முன்னம் செய்யுங்கோ.

நேற்று 12 றாத்தல் பாண் சுட்டம். ஒரு வெடிப்பும் இல்லை.