சிறையிலிருந்து மீண்டவர்கள் வந்து போகும் இடம் எப்படி இருக்க வேண்டும்?

வரவேற்புப் பொறுப்பில் இருப்பவர்:

விடுதலையான புதிதில் வருபவர்களில் சிலர் மூடிய கதவின் முன் வந்து அப்படியே நின்றுவிடுவார்கள். தட்டவும் மாட்டார்கள், கைப்பிடியைத் தொடவும் மாட்டார்கள். ஆண்டுக்கணக்கில் யாரோ திறந்து யாரோ பூட்டிய கதவுகளுக்குப் பழகிய உடம்பு அது. ஆர்வமில்லை என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். உள்ளே யார் இருக்கிறார் என்று தெரியும்படி கண் மட்டத்தில் கண்ணாடி வையுங்கள். வேலை நேரத்தில் கதவு திறந்தே கிடந்தால் இன்னும் நல்லது.

கதவு அறைந்து சாத்தும் சத்தம்தான் அடுத்த தொல்லை. கதவைத் தானாகச் சாத்தும் டோர் குளோசரில் பெரும்பாலும் இரண்டு திருகுகள் இருக்கும். ஒன்று கதவு வரும் வேகத்துக்கு, மற்றது கடைசிச் சாண் தூரத்துக்கு. முதலாவதை மட்டும் சரிசெய்தால் கதவு மெல்ல வந்து முடிவில் டமாரென்று அடிக்கும். இரண்டாவதையும் கால் சுற்று, கால் சுற்றாக இறுக்குங்கள். திருகை முழுக்கக் கழற்றினால் எண்ணெய் ஒழுகிக் கருவியே வீணாகிவிடும்.

வட்டச் சந்திப்பு நெறியாளர்:

தீங்கு செய்தவரும் பாதிக்கப்பட்டவரும் வட்டமாக உட்கார்ந்து பேசும் சந்திப்பு அறையில் எல்லா நாற்காலியும் ஒரே உயரம், சுழலாதது, தரையில் பதிக்காதது. 12 பேர் உட்கார, நாற்காலிக்கு 90 செ.மீ. வீதம் வட்டத்தின் விட்டம் ஏறக்குறைய 3.4 மீட்டர் வரும். முதுகுக்குப் பின்னால் ஆள் நடக்க ஒரு மீட்டர் விட்டால் 6-க்கு 6 மீட்டர் அறை வேண்டும். அதைவிடச் சின்ன அறையில் நாற்காலிகள் சுவரை ஒட்டிவிடும். எழுந்து வெளியே போக நினைப்பவர் பிறர் முழங்காலைத் தாண்டித்தான் போக வேண்டும். அதற்குக் கூசியே உட்கார்ந்திருப்பார். எங்கே உட்காருவது என்பதைப் பாதிக்கப்பட்டவர் முதலில் தேர்ந்தெடுக்கட்டும். பலர் கதவு கண்ணில் படும் இடத்தைத்தான் கேட்பார்கள்.

1974-ல் கனடாவின் கிச்சனர் பகுதியில் தீங்கு செய்த இரண்டு இளைஞர்களைப் பாதிக்கப்பட்டவர்களின் வீட்டு வாசலுக்கே கூட்டிப் போனார்கள். நேர்ந்த தீங்கை இரு தரப்பும் பேசிச் சரிசெய்யப் பார்க்கும் இன்றைய சீரமைப்பு நீதி முறைக்கு அதைத் தொடக்கமாகச் சொல்வார்கள். அங்கே வாசல் பாதிக்கப்பட்டவருடையது. பொது அறைக்கு அழைக்கும்போது அந்த உரிமையை நாம்தான் ஏற்பாடு செய்து கொடுக்க வேண்டும்.

கட்டட வடிவமைப்பாளர்:

நெறியாளர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இரு தரப்புக்கும் தனி வாசல், தனிக் காத்திருப்பு அறை என்று வரைபடத்தில் அழகாக இருக்கும். கழிப்பறைக்கு மட்டும் ஒரே நடைவழி! தயாராகாத நேரத்தில் இருவரும் அங்கேதான் எதிரெதிரே வந்து நிற்பார்கள். வண்டி நிறுத்துமிடத்திலும் இதே சிக்கல். இரண்டாவது கழிப்பறைக்கு வழியில்லை என்றால் வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும் 20 நிமிடம் தள்ளி வையுங்கள்.

அடுத்தது ஒலி. தடுப்புச் சுவர் பொய்க்கூரையோடு நின்றுவிட்டால் பேச்சு மேலே ஏறி அடுத்த அறையில் இறங்கும். மேல்தளம் வரை கட்டி, கதவின் அடி இடைவெளியை ரப்பர் பட்டையால் அடையுங்கள். தன் குரல் வெளியே கேட்கிறது என்று ஒருமுறை சந்தேகம் வந்தாலே ஆள் வாயை மூடிவிடுவார்.

விளக்கின் ஒளி நிறம் 2700–3000 கெல்வின், அதாவது இதமான மஞ்சள் வெளிச்சம், போதும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மருக்கு ஒத்துவராத எல்இடி மினுக்கும். வாங்குமுன் குறைந்த வெளிச்சத்தில் எரியவிட்டுச் செல்பேசிக் கேமராவில் பாருங்கள், பட்டை பட்டையாக ஓடினால் வேண்டாம். சுவிட்ச் உள்ளே இருப்பவர் கைக்கு எட்ட வேண்டும். ஒதுங்கி அமைதியாக இருக்க 2.5-க்கு 3 மீட்டரில் ஓர் அறை வையுங்கள். தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கட்டும். ஆபத்துக்கு வெளியிலிருந்தும் திறக்க வழி வேண்டும், அதை வருபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வரவேற்புப் பொறுப்பில் இருப்பவர்:

பையைப் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். சிலருக்கு உலகத்தில் உள்ள மொத்த உடைமையும் அந்த ஒரு பைக்குள்தான். பத்திரமாக இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தில் கேட்டு வாங்கி அலமாரியில் பூட்டுவது, சிறை வாசலில் பொருளைப் பறிகொடுத்த நாளை ஞாபகப்படுத்திவிடும். நாற்காலிக்குப் பக்கத்தில் தரையிலிருந்து 40 செ.மீ. உயரத்தில் ஒரு பலகை அடித்துவிடுங்கள். பை அவர் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கட்டும்.