தம்பியின் பாடங்களைச் சரிபார்த்துத் தர ஆள் வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் பாம்பன் பக்கம். தம்பிக்குப் பார்வை இல்லை. வீட்டிலிருந்தே இணையவழியில் பி.ஏ. வரலாறு படிக்கிறான். திரையில் இருப்பதை என்விடிஏ என்ற இலவச மென்பொருள் வாசித்துச் சொல்லும். ஆனால் வரும் பாடங்களில் பாதி, புத்தகத்தைப் போட்டோ எடுத்த பிடிஎஃப். வெறும் படம் என்பதால் வாசிக்க அதில் எழுத்தே இல்லை. மீதி பாமினி எழுத்துரு. கண்ணுக்குத் தமிழ், உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகள். பக்கம் பக்கமாகப் பொருளில்லாத சத்தம்தான் அவன் காதில் விழுகிறது. அதைக் கேட்டுக்கொண்டு அவன் பேசாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முடியவில்லை.

பாமினியை, மென்பொருள் தமிழாகவே வாசிக்கக்கூடிய யூனிகோடு எழுத்தாக நானே மாற்றிவிடுகிறேன். படப் பக்கங்கள்தான் சிக்கல். கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்தாகிறது, ஆனால் பிழைகள். பெயரும் ஆண்டும் மாறிப்போனால் வரலாற்றில் என்ன மிஞ்சும்? கருவாட்டுக் கொட்டகையில் வேலை முடிந்து நான் வரவே இரவு எட்டாகிறது.

அண்ணன்மாரே, அக்காமாரே, மண்டபம், கீழக்கரைப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளே, வாரம் பத்துப் பக்கம் ஒப்பிட்டுத் திருத்தித் தருவீர்களா? வரைபடம் வந்தால், அதில் என்ன இருக்கிறது என்று இரண்டு வரி எழுதினால் போதும்.

அப்புறம், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைக் காட்டி, பாடங்களை அவன் கேட்கக்கூடிய வடிவில் தரச் சொல்லிக் கல்லூரிக்குக் கடிதம் எழுதத் தெரிந்தவர்களும் சொல்லுங்கள். அடுத்த மாதம் தேர்வு.